எழுவாயாக ஒரு கணவர்

அவளைச் சிறந்த ஆசிரியை என்று சொல்லிவிட முடியாது. உச்சரிப்பு சுமார்தான். பாடப்புத்தகத்தைத் தாண்டி ஆங்கிலத்தில் அவள் படித்தது அதிகமில்லை. கையெழுத்து மட்டும் அழகு. அதுவும் கரும்பலகையின் வலது ஓரத்தை நெருங்க நெருங்க மாடிப்படி ஏறுவதுபோல மேலே போய்க்கொண்டே இருக்கும். இருந்தும் அந்த மாலை வகுப்பில் படித்தவர்கள், தலை நரைத்துப்போன இந்தக் காலத்தில், எங்காவது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால் முதலில் விசாரிப்பது அந்த வீட்டைத்தான். அவளைக்கூட இல்லை, அவள் கணவரை.

"சார் எப்படி இருக்காராம்?"

சார் அவர்களுக்கு ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. அவர் தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர்.

வகுப்பு நடந்தது ஓர் இரும்புச் சாமான் கடையின் மாடியில். படியேறும்போதே துருவின் வாசனை மூக்கில் ஏறும். கீழே கம்பி அறுக்கும் சத்தம் எழும்போதெல்லாம் பாடம் நின்றுவிடும். அறுத்து முடியும்வரை எல்லோரும் சாக்பீஸைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பார்கள். பெஞ்சுகள் ஏதோ தொடக்கப் பள்ளியிலிருந்து கழித்துவிடப்பட்டவை. பெரியவர்களின் முழங்கால்கள் அதில் அடங்காது. லாரி டிரைவர் எப்போதும் பக்கவாட்டில் திரும்பித்தான் உட்கார்ந்திருப்பார், வண்டியில் ஏறப்போகிற மாதிரி. ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி, மருந்துக்கடை விற்பனையாளர், தையல் ஆலைப் பெண்கள், காவலாளிகள் என்று பகல் முழுக்க உழைத்துவிட்டுப் பாதி உயிரோடு படியேறி வருகிறவர்கள். வேலையில் ஒரு படி மேலே போக எல்லோருக்கும் ஆங்கிலத் தாளில் தேறவேண்டியிருந்தது. அந்தத் தாளில் எல்லோரையும் கவிழ்த்தது ஒரே ஒரு எழுத்து.

"எஸ் எங்கே போச்சு?" என்று அவள் கேட்பாள். நாள் தவறாமல் கேட்டுக் கேட்டு அவளுக்கு 'எஸ் டீச்சர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு முகத்துக்கு நேரேயும் சொன்னார்கள். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

எழுவாய்க்கும் வினைக்கும் உள்ள பொருத்தத்தை அவள் இப்படித்தான் தொடங்குவாள்: "நம்ம பாஷையில 'வந்தாள்'னு சொன்னா போதும். வந்தது பொண்ணு, ஒரே ஆளு, எல்லாத்தையும் வினையே சொல்லிடும். எழுவாய் வீட்டுல படுத்துத் தூங்கலாம். இங்கிலீஷ்ல அதெல்லாம் நடக்காது. எழுவாய் நேர்ல வந்து நிக்கணும். அது ஒரே ஆளா இருந்தா வினைக்குப் பின்னாடி ஒரு எஸ் ஒட்டும். ஆளுங்க கூடிட்டா அந்த எஸ் கழண்டு ஆளுங்க பின்னாடி போயிடும். பொதுவா வீட்டுக்கு ஒரு எஸ், அவ்வளவுதான். ஐயும் யூவும் மட்டும் தனி ரகம். ஒத்தை ஆளா இருந்தாலும் எஸ் வாங்காது."

விதி சரி. ஆனால் விதியைக் கேட்டு யாரும் விழித்துக்கொள்வதில்லை. அவள் முதன்முதலில் அந்த அறையில் நின்ற மாலை, புத்தகத்திலிருந்த ராஜாவையும் மந்திரியையும் பலகையில் எழுதினாள். ராஜா ஆள்கிறார், மந்திரிகள் ஆள்கிறார்கள். கடைசி பெஞ்சில் மூட்டை தூக்கும் தொழிலாளி ஒருவர் வாய் திறந்து குறட்டை விட்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்கு முன்பு துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள் அவள். திருமணத்துக்குப் பிறகு தபால் வழியில் பட்டம் வாங்கியவள். கூட்டத்தைச் சமாளிக்கும் வித்தை எதுவும் கையில் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னாள்: "விடுங்க, எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான்."

பிறகு ராஜாவை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதினாள்: 'மை ஹஸ்பண்ட் ஸ்நோர்ஸ்.'

குறட்டை விட்டவரே கண்ணைத் திறந்தார். "நெஜமாவா?"

"நெஜம்தான். இதுல எஸ் ஏன் வந்துச்சு?"

"ஏன்னா... ஒரே ஹஸ்பண்டுதானே இருக்காரு!"

அறையே குலுங்கியது. அன்றைக்கு மந்திரிகளுக்கு வேலை போயிற்று. கணவர் பலகையில் குடியேறினார்.

அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் அந்த வீடு வாக்கியம் வாக்கியமாக மாடியேறியது. 'அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடுகிறார்' என்று ஒரு நாள். 'அவரும் அவர் தங்கையும் சண்டை போடுகிறார்கள்' என்று மறுநாள். நடுவில் 'அண்ட்' வந்து இருவரையும் கட்டிப்போட்டதால் எஸ் போய்விட்டது என்பாள். 'பழைய செய்தித்தாள்களின் குவியல் வளர்கிறது' என்று இன்னொரு நாள். "நடுவுல வந்து நிக்கிற பேப்பருங்களைப் பார்த்து ஏமாறாதீங்க. வளர்றது எது?" என்று கேட்பாள். "குவியல்!" என்று கத்துவார்கள். எழுதியதை யாராவது ஒருவர் தமிழில் சொல்ல வேண்டும் என்பது வகுப்பின் வழக்கம். ஆங்கிலத்தில் அவள் எழுதியது 'ஹி'தான். அதில் மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. ஆனால் சொல்கிறவர்கள் ஒரு முறைகூட 'அவன்' என்றதில்லை. "சார் தேடுறார்", "சார் சண்டை போடுறார்" என்றுதான் சொன்னார்கள்.

அந்த வாக்கியங்கள் எல்லாவற்றிலும் பேர் வாங்கியது பல்லி வாக்கியம்தான். 'ஹி ஃபியர்ஸ் லிசர்ட்ஸ். லிசர்ட்ஸ் ஃபியர் ஹிம்.' அவர் பல்லிக்குப் பயப்படுகிறார். பல்லிகள் அவருக்குப் பயப்படுகின்றன. முதல் வாக்கியத்தில் வினையின் வாலில் தொங்கிய எஸ் இரண்டாவதில் மறைந்துவிடுவதை அவர்கள் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார்கள். வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் ஒரு வாரம் பிடித்திருக்கும்.

வீட்டில் அவள் இதை மறைத்தாள் என்று சொல்ல முடியாது. சொன்னாள் என்றும் சொல்ல முடியாது. கணவரின் தங்கை, அதாவது அவள் நாத்தனார், அவர்களோடுதான் இருந்தாள். திருமணம் வேண்டாம் என்று தையல் இயந்திரத்தோடு முன்னறையில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டவள். வாய் நீளம். துணி தைக்கக் கொடுக்க வந்த ஆலைப் பெண் ஒருத்தி மூலம் அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

"அண்ணி, என்னைப் பத்தி சண்டை போடுறதை மட்டும்தான் எழுதுவீங்களா? நல்லதா ஒண்ணு எழுதுங்களேன்."

"நல்லதா ஒண்ணு செய், எழுதுறேன்."

"அண்ணாவுக்குத் தெரிஞ்சா குதிப்பாரு."

"அவரு பல்லியைப் பார்த்தாதான் குதிப்பாரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். இன்னொருவர் கூச்சத்தை நாம் எவ்வளவு சுலபமாக எடுத்துக் கையாள்கிறோம் என்பது, அந்தக் கூச்சம் நம் மேல் ஏறும்வரை நமக்குத் தெரிவதில்லை.

தபால் நிலையத்தில் அவர் வேறு ஆள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, நிமிர்ந்த முதுகு. பார்சலைக் கையில் வாங்கி ஒரு முறை உருட்டிப் பார்ப்பார். முடிச்சு தளர்ந்திருந்தால் ஒரு சொல்லும் பேசாமல் திருப்பித் தள்ளிவிடுவார். கெஞ்சினாலும் நடக்காது, சிபாரிசும் நடக்காது. "பார்சல் அங்க போய்ச் சேர்றதுக்குள்ள எத்தனை தடவை தூக்கிப் போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்," என்பார். வரிசையில் நிற்பவர்கள் தங்கள் முறை வருவதற்குள் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிக்கொள்வார்கள்.

ஒரு நாள் லாரி டிரைவர் தன் அக்காவுக்கு ஒரு பெட்டி அனுப்பப் போனார். கவுண்டரில் இருப்பது டீச்சர் வீட்டு சார் என்று அவருக்குத் தெரியும். முதல் தடவை முடிச்சு சரியில்லை என்று திரும்பி வந்தது. வெளியே போய்க் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார். இரண்டாம் தடவையும் பெட்டி திரும்பி வந்தது.

"இதுல என்ன சார் குறை?"

"மூலையில கயிறு ஏறவே இல்ல. உருவிக்கிட்டு வரும். அடுத்தவங்க வாங்க."

டிரைவருக்குச் சுருக்கென்றது. பின்னால் வரிசை நீளமாக இருந்தது. அவர் யோசித்துச் செய்யவில்லை. விரலை மேலே காட்டி, "சார்! தலைக்கு மேல பல்லி!" என்றார்.

கழுத்துவரை பொத்தான் போட்ட மனிதர் ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டு துள்ளினார். ஸ்டூல் சாய்ந்தது. முத்திரை மை டப்பா கவிழ்ந்து சட்டையின் முன்பக்கம் முழுக்க ஊதா. மேலே ஒன்றுமில்லை, வெறும் காற்றாடி. வரிசை முழுவதும் சிரித்தது. பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். டிரைவருக்கே முகம் வெளுத்துவிட்டது. "சும்மா விளையாட்டுக்கு சார். டீச்சர் போர்டுல எழுதியிருந்தாங்க... அதான்..." என்று இழுத்தார். அந்தச் சமாதானம் சிரிப்பைவிட மோசமாகப் போய்விட்டது.

அன்று மாலை அவர் ஊதாச் சட்டையோடுதான் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு, நாத்தனாரின் தையல் இயந்திரம் நிற்கும்வரை காத்திருந்தார்.

"என்னை எத்தனை வருஷமா எழுதுற?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஆரம்பத்துல இருந்தே."

"ஊருக்கே தெரியுமா?"

"வகுப்புக்குத் தெரியும்."

"நான் என் வேலையைச் சுத்தமா செய்யறவன். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான். இனிமே அந்த போர்டுல நான் வரக்கூடாது."

"வரமாட்டீங்க," என்றாள். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். டீச்சர் ஒரு பார்வையில் நிறுத்திவிட்டாள்.

மறுநாளே அவர் தலைமை அலுவலரிடம் சொல்லி, கவுண்டரை விட்டு உள்ளே தபால் பிரிக்கும் பகுதிக்கு மாறிக்கொண்டார். அங்கே வரிசை இல்லை, முகங்கள் இல்லை, பைகள்தான். இதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

அவள் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினாள். ராஜா திரும்பி வந்தார். மந்திரிகள் திரும்பி வந்தார்கள். பசு புல் தின்றது, பசுக்கள் புல் தின்றன. பறவை ஒன்று பறந்தது, பிறகு பல பறவைகள் பறந்தன. விதிகள் அப்படியேதான் இருந்தன. ஆனால் வகுப்பு அவள் கண்ணெதிரே தேயத் தொடங்கியது. மருந்துக்கடைக்காரர் கொட்டாவியைக் கையால் மூடினார். ஆலைப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஒன்றன் பின் ஒன்றாகப் பெஞ்சுகள் காலியாயின. விதி என்பது தண்ணீர் மாதிரி, ஏதாவது ஒரு பாத்திரத்தில் இருந்தால்தான் குடிக்க முடியும் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை நாள் அந்தப் பாத்திரம் வீட்டில் இருந்த மனிதர். அதை அவரைக் கேட்காமலே எடுத்து வந்திருந்தாள்.

அந்த இடத்தின் உரிமையாளர் தன்னைப் பிரின்ஸிபால் என்று அழைத்துக்கொள்வார். நல்ல மனிதர்தான், கணக்கில் மட்டும் கண் வைத்தவர். படியின் நடுவில் அவளை நிறுத்தினார்.

"டீச்சர், பாதி பெஞ்சு காத்து வாங்குது. கம்ப்யூட்டர் கிளாஸுக்கு ரெண்டு பேரு ரூம் கேட்டுக்கிட்டே இருக்காங்க. மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல என்னைத் திட்டக்கூடாது."

"திட்டமாட்டேன் சார். பெஞ்சு நிரம்பும்."

எப்படி நிரம்பும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த அறை போனால் அவளுக்கு வேறு அறை கிடையாது. பள்ளிகள் அவளை எடுக்காது, அதற்கான படிப்பு வேறு. மறுபடி துணிக்கடைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் சொன்னால் கணவர் உடனே இறங்கி வருவார் என்பதும் தெரியும். அதனாலேயே சொல்லவில்லை.

வகுப்பில் மிச்சமிருந்தவர்களோ வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் சாரின் கண்ணாடி, சாரின் குறட்டை, சாரின் சண்டை என்று கேட்டு வளர்ந்த காதுகள். திடீரென்று சார் இல்லை. ஒரு வாக்கியத்திலும் இல்லை.

"சார் எப்படி இருக்காரு டீச்சர்?" என்று ஆயா ஒரு நாள் கேட்டாள்.

"பாடத்தைப் பாருங்க," என்றாள் அவள். குரல் கொஞ்சம் கரகரத்தது. ஆயாவுக்கு அது போதுமானதாக இருந்தது.

டிரைவர் தபால் நிலையத்துக்குப் போய்ப் பார்த்தார். பார்சல் கவுண்டரில் வேறு ஆள். "அவரா? இப்ப இங்க இல்ல," என்றார் அந்தப் புது ஆள், தலையைத் தூக்காமலே. டிரைவர் அந்த 'இல்ல'வைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். ஆயாவின் பார்வையில் சார் போய்ச் சேர்ந்துவிட்டார். மருந்துக்கடைக்காரர், சார் வீட்டை விட்டுக் கிளம்பிப் போய்விட்டார் என்றார். டிரைவருக்கு எதுவாக இருந்தாலும் காரணம் தன் விரல்தான் என்று உறுதியாகத் தெரிந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வாசற்கதவு தட்டப்பட்டது. நாத்தனார் திறந்தாள். வாசலில் ஒரு சிறு கூட்டம். எல்லோரும் இஸ்திரி போட்ட உடையில், தலை குனிந்து நின்றார்கள். டிரைவர் கையில் பழப் பை. ஆயா முன்னால் வந்து நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மனசைத் தேத்திக்கம்மா. நாங்கல்லாம் இருக்கோம்."

"எதுக்கு?" என்றாள் நாத்தனார்.

"கூடப் பொறந்தவரு ஆச்சே..."

நாத்தனார் திரும்பி உள்ளே பார்த்தாள். அங்கே அவள் அண்ணன் கிழிந்த பனியனோடு நாற்காலி மேல் நின்று காற்றாடி இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா! உங்களுக்குத் துக்கம் கேக்க வந்திருக்காங்க. கொஞ்சம் இறங்கி வாங்க."

சமையலறையிலிருந்து ஓடி வந்த டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள். கூட்டம் அவரைப் பார்த்தது. அவர் கூட்டத்தைப் பார்த்தார், கையில் அழுக்குத் துணியோடு. ஆயா அழுகையை நிறுத்தவும் முடியாமல் தொடரவும் முடியாமல் விக்கினாள்.

"சார்! நீங்க இருக்கீங்களா!" என்று கத்திவிட்டார் டிரைவர்.

"இருக்கேன். ஏன், இருக்கக்கூடாதா?"

"அய்யோ சார்! உடம்பு சரியில்லாம இருந்தா இருக்கட்டும்னுதான் பழம் வாங்கினோம். இல்லைன்னா..."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா டீச்சருக்கு ஆகும்னு."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு தையல் இயந்திரத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். அவள் தோள்கள் குலுங்குவது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். டிரைவரை உற்றுப் பார்த்தார்.

"நீதானே அந்தப் பல்லி?"

"நான்தான் சார். அன்னைக்கிலேர்ந்து தூக்கம் இல்ல. எங்க அக்கா பெட்டி இன்னும் வீட்டுலதான் கிடக்கு."

"இன்னுமா அனுப்பல?"

"உங்க கையால வாங்கினாதான் அனுப்புறதுன்னு வெச்சிருக்கேன்."

அவர் எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். இருந்த நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்தார்கள். டீச்சர் தேநீர் போட உள்ளே போனாள். காது மட்டும் முன்னறையில் இருந்தது.

"வேற என்னல்லாம் தெரியும் என்னைப் பத்தி?" என்று அவர் கேட்பது கேட்டது. அவள் கை சர்க்கரை டப்பாவில் நின்றது.

ஆலைப் பெண் ஒருத்தி தயங்கி, "சார் கண்ணாடியைத் தேடுறார்," என்றாள். "சார் பாடும்போது தங்கச்சி காதைப் பொத்திக்கிறாங்க," என்றார் இன்னொருவர். "சார் வீட்டுல யாருக்கு ஜுரம்னாலும் ராத்திரி முழுக்கத் தூங்குறதில்ல," என்றாள் ஆயா. "பழைய பேப்பர் குவியல் வளருது," என்றார் மருந்துக்கடைக்காரர்.

"அது குவியல் இல்ல!" என்று அவர் குரல் உயர்ந்தது. "தேதிவாரியா அடுக்கி வெச்சிருக்கேன்."

அடுத்து எழுந்த சிரிப்பில் அவர் குரலும் இருந்தது. சமையலறையில் அவள் அப்போதுதான் சர்க்கரையை அள்ளினாள்.

"தப்பா நினைக்காதீங்க சார்," என்றார் டிரைவர். "உங்க கவுண்டருக்கு வந்தாலே எனக்குக் கால் நடுங்கும். இங்கிலீஷ் பேப்பரைப் பார்த்தாலும் அதே நடுக்கம்தான். உங்களுக்கும் ஒண்ணைப் பார்த்தா நடுங்கும்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்கு வாயே திறந்துச்சு. அதைப்போய் உங்க மேலயே திருப்பிட்டேன். மடத்தனம்."

ஆயா தேநீர்க் கோப்பையை வாங்கும்போது டீச்சரைப் பார்த்துச் சொன்னாள்: "இந்த வீட்டுல எல்லாரையும் எங்களுக்குத் தெரியும். உங்களைப் பத்தி மட்டும் ஒண்ணும் தெரியாது டீச்சர். இன்னும் கொஞ்ச நாள்ல ரூமும் போயிடும்னு பிரின்ஸிபால் சொல்றாரு. அப்புறம் எங்க வந்து தெரிஞ்சுக்கிறது?"

"எந்த ரூம்?" என்றார் அவர்.

ஆயா சொன்னாள். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் போன பிறகு அவர் மறுபடி காற்றாடிக்குப் போகவில்லை.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சரின்னு சொல்லிடுவீங்க. அது உங்க இஷ்டமா இருக்காது."

"நீ என்னைக் கேக்காம எழுதின. இப்ப என்னைக் கேக்காம நிறுத்தி, என்னைக் கேக்காம ரூமையும் விடப் பார்க்கிற. ஒரு தடவையாவது கேளேன்."

அவர் சொன்னதில் பிழை இல்லை.

மறுநாள் அவள் பிரின்ஸிபாலிடம் போய் இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னாள். அவர் சங்கடத்தோடு கையைப் பிசைந்தார். மாசக் கடைசிவரை பொறுக்காமல் முன்பணம் வாங்கிவிட்டிருந்தார். மாடியில் பெஞ்சுகளைச் சுவரோரம் ஒதுக்கியிருந்தார்கள். அட்டைப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவள் சாக்பீஸ் பெட்டியையும் டஸ்டரையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கம்பி அறுக்கும் சத்தம் எழுந்தது. பழக்கத்தில் அவள் படியிலேயே நின்று, அது முடியும்வரை காத்திருந்தாள். அந்தக் கட்டடம் பிறகு எத்தனையோ கைகள் மாறிவிட்டது. இரும்புக் கடையும் இப்போது அங்கே இல்லை. ஆனால் அந்த வழியே போகிற பழைய மாணவர்கள் இன்றும் ஒரு நொடி மேலே பார்க்காமல் போவதில்லை.

வீட்டுக்கு வந்து சாக்பீஸ் பெட்டியை மேசைமேல் வைத்தாள். கணவர் பார்த்தார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"முன்னறை இருக்கே."

"இங்கேயா?"

"ஏன், ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காரலையா? இயந்திரத்தை உள்ள தள்ளிடலாம்."

"என் இயந்திரத்தையா?" என்று நாத்தனார் குரல் கொடுத்தாள். "தள்ளுங்க. ஆனா என்னைப் பத்தி நல்லதா ஒரு வாக்கியம் வரணும். இடத்துக்கு வாடகை."

"இங்க நடத்தினாலும் உங்களைப் பத்தி எழுதமாட்டேன்," என்றாள் டீச்சர்.

"எழுதலைன்னா மறுபடி பழம் வாங்கிக்கிட்டு வருவாங்க," என்றார் அவர். பிறகு, கொஞ்சம் தயங்கி, "எழுது. ஆனா அந்தம்மா சொன்னதை யோசிச்சுப் பார்த்தேன். இத்தனை வருஷத்துல அந்த போர்டுல நீ ஒரு தடவைகூட வரலையாமே," என்றார். குரலில் குற்றச்சாட்டு இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அவர் ஒரு பலகையில் கறுப்புச் சாயம் அடித்துச் சுவரில் மாட்டினார். அந்த வாரத்திலேயே கவுண்டருக்குத் திரும்பிவிட்டார். டிரைவரின் பெட்டியைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். மூலையில் கயிறு இன்னும் ஏறவில்லை. திருப்பித் தள்ளிவிட்டார். டிரைவர் அதை ஒரு பரிசு போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

முதல் நாள் மாலை முன்னறை நிரம்பிவிட்டது. விட்டுப் போனவர்களும் வந்திருந்தார்கள். பழைய பெஞ்சுகளின் தொல்லை இல்லை, எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நாத்தனார் உள்ளறை வாசலில் இயந்திரத்தோடு இருந்தாள். கணவர் அதற்கும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தார். செய்தித்தாள் விரித்த சத்தம் மட்டும் கேட்டது.

அவள் சாக்பீஸை எடுத்தாள். எல்லோரும் சாரின் வாக்கியத்துக்காகக் காத்திருந்தார்கள். கை பலகையில் பட்டு நின்றது.

தன்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அவள் யோசிக்கவில்லை. என்ன இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். போன வருடம் கல்வித் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். சரளமான ஆங்கிலத்தில் அவளிடம் ஏதோ கேட்டார். கேள்வி புரிந்தது. விதி அத்தனையும் தெரியும். எஸ் எங்கே வர வேண்டும் என்றும் தெரியும். ஆனால் நாக்கு எழவில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டி, கட்டிக்கொண்டது என்று சைகை செய்து தப்பித்தாள். வங்கியிலும் அப்படித்தான், மகப்பேறு மருத்துவமனையில் யாரையோ பார்க்கப் போனபோதும் அப்படித்தான். எங்கே மற்றவர்கள் வாயிலிருந்து ஆங்கிலம் வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கே அவள் கணவரை முன்னால் தள்ளிவிடுவாள். அவர் தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், எஸ்ஸைக் கண்ட இடத்தில் தூவி, காரியத்தை முடித்துவிட்டு வருவார். இதை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை, வீட்டில்கூட. ஆங்கில டீச்சர் ஆங்கிலம் பேசப் பயப்படுகிறாள் என்று இந்த அறைக்குத் தெரிந்தால் நாளை இந்தப் பாயில் யார் உட்காருவார்கள்?

உள்ளறையில் செய்தித்தாளின் சத்தம் நின்றுவிட்டது. அவரும் காத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் சொல்லிவிட மாட்டார். அது அவளுக்கு எப்போதும் தெரியும்.

அவள் எழுதினாள். 'ஐ ஹைட் வென் பீப்பிள் ஸ்பீக் இங்கிலீஷ்.' எழுத்து வலப்பக்கம் வழக்கம்போல் மேலே ஏறிக்கொண்டே போனது.

தமிழில் சொல்லும் முறை அன்று ஆயாவுடையது. அவள் விரலால் காற்றில் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் படித்தாள்.

"யாராவது... இங்கிலீஷ் பேசினா... நான்... ஒளிஞ்சுக்குவேன்." நிமிர்ந்து பார்த்தாள். "யாரு டீச்சர்? நீங்களா?"

"நான்தான்."

யாரும் சிரிக்கவில்லை. தையல் இயந்திரம்கூட ஓடவில்லை. டிரைவர்தான் முதலில் கேட்டார்.

"எங்க டீச்சர் ஒளிஞ்சுக்குவீங்க?"

அவள் பதில் சொல்வதற்குள் உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"என் முதுகுக்குப் பின்னாடி."

அவள் திரும்பி, முதல் வாக்கியத்துக்குக் கீழே அதையும் எழுதத் தொடங்கினாள்.